முதுகுப் பையைத் திறக்கப் போவது நீங்கள் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. மலைப் பாதையில் சைக்கிள் ஓடப் பழகும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் உம்மா வாப்பாமாரும் ஆறுதலாக வாசியுங்கள்.

ஓ.எல். முடிந்து ஏ.எல். வகுப்பு தொடங்கும் வரை பிள்ளைகளுக்குக் கையில் நிறைய நாள் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஹந்தானைப் பக்கம் ஏறிவிடுகிறார்கள். ஏறட்டும். போனையே பார்த்துக்கொண்டு வீட்டில் கிடப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. தேயிலை மியூசியத்துக்கு மேலே போகும் தோட்டத்துப் பாதைகளில் காலை ஏழு மணிக்கு ஓடிப் பார்த்தவர்களுக்கு நாங்கள் எதையும் விளக்கத் தேவையில்லை. அங்கே தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகிற பீக்கோ ட்ரெயில் வந்த பிறகு, தோட்டத்துப் பாதை என்றால் என்னவென்று வெளிநாட்டாருக்கும் தெரிந்துவிட்டது.

நாங்கள் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் நாலு பேர். மூன்று வருடமாகப் பெரும்பாலான சனிக்கிழமைகளில் ஓடுகிறோம். சாம்பியன்மார் இல்லை, டொக்டர்மாரும் இல்லை. எங்களில் இரண்டு பேர் கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது முதலுதவிப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர்கள். மற்ற இரண்டு பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தோம். தகுதி என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

எங்களைக் காணும் பிள்ளைகள் எத்தனை கியர், எவ்வளவு விலை, டிஸ்க் பிரேக்கா என்றுதான் கேட்கிறார்கள். பையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. வாப்பாமார் சிலர் மட்டும் முதலுதவிப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் விரல் பிளாஸ்டர் பத்து, பஞ்சு ஒரு சுருள், கடதாசிகூட வெட்டாத சின்னக் கத்தரிக்கோல். வகுப்பறை மேசை லாச்சிக்கு அது போதும், மலைக்குப் போதாது. அதிலும் பஞ்சை எடுத்து வெளியே வையுங்கள். திறந்த காயத்தில் பஞ்சை வைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்க வார்டில் நர்ஸ் படும் பாட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பை கட்டும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சிராய்ப்பு என்றால் நீங்களே பையைத் திறப்பீர்கள். உண்மையில் பை தேவைப்படும் நாளில் நீங்கள் நிலத்தில் கிடப்பீர்கள். உங்கள் பையைத் திறப்பது வேறு ஒருவருடைய கை. அந்தக் கை நடுங்கும். அந்த ஆளுக்கு உங்கள் பையில் எந்த சிப் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவர் கூட்டாளியாக இருக்கலாம், கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவாகவும் இருக்கலாம். அப்படி ஒருவர் திறந்தவுடன் விளங்கும்படி பை இருக்க வேண்டும். என்ன சாமான் என்பதைவிட இது முக்கியம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கல்லூரியில் எங்களுக்கு முதலுதவி படிப்பித்த விரிவுரையாளர் ஒரு வேலை செய்வார். ஒருவருடைய கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, மற்றவருடைய பையைக் கொடுத்து, "முக்கோணத் துணியை எடு" என்பார். கையில் முதலில் தண்ணீர்ப் போத்தல் வரும், பிறகு கொப்பி வரும், சாப்பாட்டுப் பெட்டி வரும். எல்லோரும் சிரிப்போம். அவர் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் ஓடத் தொடங்கியபோது அதே பழக்கத்தைக் கொண்டுவந்தோம். நாலு பேருடைய பையிலும் மேல் சிப்பில் சிவப்பு சொப்பிங் பேக், அதற்குள் காயத்துக்கான சாமான் மட்டும். சைக்கிள் சாமான் எதுவும் அதற்குள் போகாது. இருட்டில் தடவினாலும் ஒரே இடம்தான்.

போன வருடம் அந்தச் சிவப்புப் பையைத் திறக்க வேண்டி வந்தது. எங்களில் மூத்தவர், கணித பாடம் எடுப்பவர், நாங்கள் நாநா என்று கூப்பிடுபவர். ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் இறங்கிக்கொண்டிருந்தார். இரவு மழையில் பாதை ஓரத்துக் கான் உடைந்திருந்தது. முன் சில்லு அதற்குள் இறங்க, ஆள் ஹேண்டிலுக்கு மேலால் பறந்து தேயிலைக்குள் விழுந்தார். தேயிலைக்குள் விழுந்தால் மெத்தைபோல இருக்கும் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது கவ்வாத்து வெட்டிய மலை. கவ்வாத்து வெட்டிய செடி என்றால் இலை இருக்காது, சாய்வாக வெட்டிய குச்சிகள் மேல் நோக்கி நிற்கும். முழங்கைக்குக் கீழே தோல் கிழிந்து இரத்தம் ஓடியது. வலது தோள் ஒரு பக்கமாகத் தொங்கியது. ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஒரு பள்ளம்.

பிளாஸ்டரால் ஆகிற காரியம் இல்லை அது. கையுறையைப் போட்டுக்கொண்டு, 10 சென்ரிமீற்றர் கோஸ் துணி இரண்டைச் சேர்த்துக் காயத்தின் மேல் வைத்து ஒருவர் அமத்திப் பிடித்தார். மணிக்கூட்டைப் பார்த்து முழுதாகப் பத்து நிமிடம். நின்றுவிட்டதா என்று இடையில் தூக்கிப் பார்க்கக் கூடாது. தூக்கினால் உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடி உடையும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதற்கு மேலே இன்னொன்றை வைத்து, இன்னும் பலமாக அமத்த வேண்டும். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. பிறகு மேலால் கிரேப் பெண்டேஜ் சுற்றினோம். சுற்றிய பின் விரல் நுனிகளைப் பார்த்தோம். நீலம் பாரித்தாலோ, குளிர்ந்தாலோ, விறைத்தாலோ கட்டு கூடுதலாக இறுகிவிட்டது என்று அர்த்தம், தளர்த்த வேண்டும். கயிற்றால் கையை இறுக்கிக் கட்டும் வேலை பயிற்சி எடுத்தவர்களுக்கு உரியது. பழகுபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம், அமத்துவதை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான இரத்தம் நிற்கும்.

சத்தம் கேட்டுக் கீழ் லயத்திலிருந்து ஒரு அக்கா ஓடி வந்தா. ஒரு கையில் கோப்பித்தூள் டின், மறு கையில் பிளேன்டீ. அவவின் மனசுக்கு நாங்கள் இன்றைக்கும் நன்றி சொல்கிறோம். ஆனால் இரண்டையும் மறுக்க வேண்டியிருந்தது. கோப்பித்தூள், மஞ்சள், பற்பசை, சீனி இதெல்லாம் காயத்துக்குள் போனால் கிருமியும் போகும், பிறகு டொக்டர் அதைக் கழுவி எடுக்க வேண்டும். எங்கள் வீடுகளிலும் உம்மம்மா காலத்திலிருந்து கோப்பித்தூள்தான் கைவைத்தியம். அதனால் அந்த அக்காவைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. தேநீரையும் நாநாவுக்குக் கொடுக்கவில்லை. எலும்பு முறிந்தவரை ஒபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டி வரலாம். அப்போது வயிறு வெறுமையாக இருப்பது நல்லது. உதட்டை மட்டும் நனைத்தோம். தேநீரை நாங்கள் குடித்தோம். "அவர் கேக்கிறாரு, நீங்க குடிக்கிறீங்களே தம்பி" என்று அக்கா ஏசினா.

தோள் விடயத்துக்கு வருவோம். சைக்கிளிலிருந்து விழுபவர்கள் கையை ஊன்றித்தான் விழுவார்கள். அதனால் உடைவது அநேகமாக மணிக்கட்டு, அல்லது கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காறை எலும்பு. இரண்டுக்கும் மலையில் செய்யக்கூடியது ஒன்றுதான், அசையாமல் வைப்பது. இழுத்து நேராக்கப் போகக் கூடாது. அதற்குத்தான் முக்கோணத் துணி. சாரணியத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அது கட்டத் தெரியும். ஆனால் தெரிவதும் வலியில் கத்தும் ஆளுக்குக் கட்டுவதும் வேறு வேறு. ஆகவே வீட்டில் தம்பிக்குக் கட்டிப் பழகுங்கள். தூக்குத் துணி கட்டிய பிறகு, இன்னொரு அகலத் துணியால் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினால் நடுக்கம் குறையும். அன்றைக்கு அந்த இரண்டாவது துணி எங்கள் பலகார் சாரன்தான்.

சாரனைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வீடியோக்களில் எத்தனையோ விலையுயர்ந்த சாமான் காட்டுகிறார்கள். நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பழைய சாரன் கொண்டு போகிறோம். கட்டலாம், போர்த்தலாம், வெயிலுக்கு மறைப்பாகப் பிடிக்கலாம், பீலியில் குளித்தால் மாற்றலாம், லுஹர் நேரம் வந்தால் விரிக்கலாம். பாரமும் இல்லை, காசும் இல்லை.

உண்மையில் எங்களைப் பயப்படுத்தியது கையும் இல்லை, தோளும் இல்லை. நாநா ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு முறை, "நாங்க இப்ப எங்க நிக்கிறோம்?" என்று கேட்டார். முதல் முறை பதில் சொன்னோம், தலையாட்டினார். பிறகு அதே கேள்வி, அதே குரலில். கணக்கில் ஒரு படியைக்கூட மறக்காத மனிதர். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியிருக்கலாம், ஆனால் மூளை உள்ளே குலுங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். தலையில் அடிபட்டவர் எழும்பி நின்று, "எனக்கு ஒன்றுமில்லை, ஓடலாம்" என்று சொன்னாலும் அன்றைக்கு அவர் சைக்கிள் ஓடக் கூடாது. தனியாகவும் விடக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இல்லாமல் இருப்பது, காதாலோ மூக்காலோ தெளிந்த நீர் வடிவது, இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்க இடமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு நாள் முழுக்க யாராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். உம்மாமாருக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்கிறோம். பிள்ளை விழுந்ததை மறைப்பான், இரவு வாந்தி எடுத்தால் சாப்பாடு சரியில்லை என்பான்.

கழுத்து நோகிறது என்றாலோ, கை கால் விறைக்கிறது என்றாலோ ஆளைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. கிடந்த இடத்தில் கிடக்கட்டும், தலைப் பக்கம் ஒருவர் முழந்தாளிட்டு இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடிக்கட்டும். மூச்சு இருக்கிறது, ஆனால் உணர்வில்லை என்றால் வாந்தி தொண்டையை அடைக்காதபடி பக்கவாட்டாகச் சரிக்க வேண்டும். மூச்சே இல்லை என்றால் நெஞ்சை அமத்துவது. நடு நெஞ்சில், 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கமும் சென். ஜோன் அம்புலன்ஸும் பயிற்சி கொடுக்கிறார்கள். ஹெல்மெட்டுக்கு அடுத்தபடியாக நேரத்தைச் செலவழிக்க வேண்டியது அங்கேதான்.

1990க்கு எடுத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, "எங்கே நிற்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு மலையில் பதில் சொல்வது. எங்களுக்குத் தோட்டத்தின் பெயர் தெரியும், டிவிஷன் தெரியும். ஆனால் அந்த மலையில் ஒன்றைப் போலவே நாலு வளைவு இருக்கிறது. போனை அக்கா வாங்கினா. பழைய கொழுந்து மடுவம், அதற்கு மேல் மாரியம்மன் கோயில், கோயிலுக்கு இடது கைப் பக்கம் இறங்கும் குறுக்குப் பாதை, வாகனம் பெக்டரி ரோட்டில் நிற்கலாம், அங்கிருந்து என் மகன் கூட்டி வருவான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டா. பாதி தமிழ், பாதி சிங்களம். முக்கால் மணி நேரத்தில் ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவ இல்லாவிட்டால் அந்த முக்கால் மணி எவ்வளவாகியிருக்கும் என்று நாங்கள் கதைப்பதில்லை.

ஆகவே பாதையில் போகும்போது பெயர்களைக் கேட்டுக்கொண்டே போங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கோயில் எது, மடுவம் எது, வாகனம் எதுவரை வரும். ஸலாம் சொல்வதுபோல, வணக்கம் சொல்வதுபோல, அதையும் ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம். போனில் அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். மலைக்குப் பின்னால் சிக்னல் விழும், எந்த வளைவில் கடைசியாக இரண்டு கோடு காட்டியது என்று ஞாபகம் வையுங்கள். நாநாவுடைய போன் அன்று உடைந்துவிட்டது. அதனால்தான் எங்கள் எல்லோருடைய சிவப்புப் பைக்குள்ளும் ஒரு அட்டை இருக்கிறது. பெயர், இரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்ன வருத்தம், கடைசியாக ஏற்பு ஊசி போட்ட வருடம், வீட்டு நம்பர் இரண்டு. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம், மழையில் நனையாதபடி லெமினேட் பண்ணியது. வீட்டு நம்பர் எழுதும்போது உம்மாவா வாப்பாவா என்று யோசித்து எழுதுங்கள். செய்தி கேட்டுக் கீழே விழாமல், நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளக்கூடியவர் யாரோ அவர். எங்கள் ஒருவருடைய வீட்டில் அது மாமியார்.

முட்டு வருத்தம் உள்ள பிள்ளை இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு ஏற்றம் ஏறக் கூடாது. சீனி வருத்தக்காரர் குளுக்கோஸோ டொபியோ கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். இதைக் கூடப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். வெட்கப்பட என்ன இருக்கிறது?

சின்னக் காயங்கள்தான் ஒவ்வொரு கிழமையும் வருபவை. முழங்கால் தேய்ந்தால் முதல் வேலை கழுவுவது. குடிக்கும் தண்ணீர் போதும். போத்தல் மூடியில் ஒரு ஓட்டை போட்டு அமத்தினால் பீச்சியடிக்கும், மண்ணும் கல்லும் அடித்துக்கொண்டு போகும். பிறகு ஒட்டாத வகை கோஸ், அதற்கு மேல் டேப். ஆழமான காயத்துக்குள் மருந்து ஊற்ற வேண்டாம். குத்தி நிற்கும் குச்சி ஆழமாக இருந்தால் பிடுங்கவும் வேண்டாம், அதைச் சுற்றித் துணி வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு பனடோல். டெங்கு நாட்டில் இருக்கும் எங்களுக்கு அஸ்பிரின் ஏன் வேண்டாம் என்று புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தலை அடிபட்ட இடத்திலும் இரத்தம் ஓடும் இடத்திலும் அதே காரணம்தான்.

அட்டைக்குப் பயந்து சிலர் மலைக்கே வருவதில்லை. அட்டை பாவம், விட்டுவிடலாம். சோப்பையோ சித்தாலேபவையோ காலில் பூசினால் அநேகமாக ஏறாது. ஏறினால் நகத்தால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். கடித்த இடத்தில் இரத்தம் நிற்க நேரமெடுப்பது, அது இரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளை விடுவதால். கோஸை வைத்து அமத்திப் பிடித்தால் நிற்கும். குளவிதான் விளையாட்டில்லை. தேயிலை மலையில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தியை நாங்கள் பேப்பரில் வாசித்துக்கொண்டேயிருக்கிறோம். இறந்தவர்களும் உண்டு. கூடு கலைந்தால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, சைக்கிளை விட்டுவிட்டு ஓட வேண்டும். சைக்கிளைப் பிறகு எடுக்கலாம். கொட்டியவருக்கு முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெல்லாம் தடித்தால் வீட்டு மருந்துக்கு நேரமில்லை, நேரே ஆஸ்பத்திரி. பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. அந்தக் கையை அல்லது காலை அசைக்காமல் கொண்டுபோக வேண்டும்.

சைக்கிள் சாமானை முதலுதவி என்று யாரும் எண்ணுவதில்லை. நாங்கள் எண்ணுகிறோம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கண்டிப் பக்கம் பின்னேரம் இடியும் மழையும் வருவது வழக்கம். காற்றுப் போன சில்லை உருட்டிக்கொண்டு மூன்று மணிக்கு மலை முகட்டில் நிற்பவன் மின்னலுக்கும் மூடுபனிக்கும் நடுவில் நிற்கிறான். களைத்து, குளிரில் நடுங்கி, இருட்டில் அவசரமாக இறங்கும்போதுதான் பெரிய விழுகைகள் வருகின்றன. ஆகவே ஒரு டியூப், டயர் கழற்றும் பிளாஸ்டிக் கரண்டி இரண்டு, சின்னப் பம்ப், பெட்ச் செற், 4, 5, 6 மில்லிமீற்றர் எலன் கீ உள்ள மடக்குக் கருவி. அதிலேயே செயின் கழற்றும் பகுதியும் இருந்தால் நல்லது. செயின் அறுந்தால் இணைக்க ஒரு குயிக் லிங்க், ஆனால் உங்கள் செயினின் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். புது டியூப் போடுமுன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் இரண்டாவது டியூபும் போய்விடும். டயர் கிழிந்திருந்தால் மடித்த பால்மா பைக்கற்றை உள்ளே வைத்து வீடு வரை வந்துவிடலாம். நீண்ட இறக்கம் முடிந்த கையோடு பிரேக் டிஸ்க்கைத் தொட வேண்டாம், சுட்டுவிடும்.

இந்த இரும்புச் சாமான் எதையும் முதுகுப் பையின் நடுவில் வைக்காதீர்கள். மல்லாக்க விழுந்தால் பம்பும் ஸ்பெனரும் நேரே முள்ளந்தண்டில் குத்தும். சைக்கிள் சட்டத்தில் கட்டும் சின்னப் பையிலோ, சீட்டுக்குக் கீழேயோ அவை போகட்டும். முதுகில் தண்ணீர், மழைக் கோட், சாரன், சிவப்புப் பை, டோர்ச், விசில். கத்துவதைவிட விசில் சத்தம் தூரம் போகும், மூன்று ஊதி நிறுத்தி மறுபடி மூன்று ஊதினால் உதவி கேட்பது என்று விளங்கும். சாப்பிடப் பேரீத்தம்பழம். வியர்வை கூடுதலாகப் போனால் ஜீவனி, பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சுவைக்காகக் குறைந்த தண்ணீரில் கரைத்துக் குடிக்க அது சர்பத் இல்லை.

நாநாவுக்குப் பதினொரு தையல். காறை எலும்பு முறிவு, ஒபரேஷன் தேவைப்படவில்லை, பல கிழமை தூக்குத் துணி. அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஓடுகிறார். பள்ளம் விழுந்த ஹெல்மெட்டை வெளியே பார்த்தால் இன்னும் நல்லதுபோலத்தான் தெரியும். ஆனால் ஒரு அடி வாங்கிய ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கிவிட்டது, அது இரண்டாவது அடியைத் தாங்காது. யாரும் எடுத்துப் போடாதபடி அதை இரண்டாக அறுத்து வகுப்பறையில் வைத்திருக்கிறார், பிள்ளைகளுக்குக் காட்ட. புது ஹெல்மெட் வாங்கும்போது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, பட்டி காதைச் சுற்றி வீ வடிவில், நாடிக்குக் கீழே ஒரு விரல் போகும் இறுக்கம், இவ்வளவும் பாருங்கள். பின்னுக்குச் சரிந்து தொப்பிபோல இருக்கும் ஹெல்மெட் நெற்றியைக் காக்காது.

எல்லாவற்றையும் ஒரே சம்பளத்தில் வாங்க முடியாது என்று எங்களுக்கும் தெரியும், நாங்களும் அரசாங்க ஆசிரியர்கள்தான். முதல் மாதம் ஹெல்மெட்டும் விரல் மூடிய கையுறையும். அதே மாதம் பாமசியில் கோஸ், கிரேப் பெண்டேஜ், முக்கோணத் துணி, மெல்லிய கையுறை இரண்டு சோடி. இவை பெரிய விலை இல்லை. அட்டை எழுதுவதற்குக் காசே வேண்டாம். அடுத்த மாதம் பம்பும் கருவியும். டியூப் உடனே வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், எங்களோடு வரும் நாளில் எங்களிடம் மேலதிகமாக இருக்கும். வரும்போது சில்லு 26 அங்குலமா, 27.5ஆ, 29ஆ என்று டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து வாருங்கள். வால்வையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்ததா, நுனியில் சின்ன மறை உள்ள மெல்லியதா, அல்லது ஜப்பான் சைக்கிள்களில் வரும், உள்ளே ரப்பர் குழாய் போட்ட பழைய வகையா? மூன்றாவது வகை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்குப் பொருந்தும் பம்ப் எங்களில் ஒருவரிடம்தான் இருக்கிறது, அவர் எல்லாச் சனிக்கிழமையும் வருவதில்லை.